எண்பது சுற்று விடாப்பிடி

பல் டாக்டர் வீட்டு மாடியில் ‘நல்லாருக்கு’ என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. அது தெரியாமல் காதம்மா முதல் நாளே அதைச் சொல்லித் தொலைத்தாள்.

“சட்டை நல்லாருக்கும் மேடம். மழை நல்லாருக்கும். ஜாஸ் நல்லாருக்கக் கூடாது,” என்றார் வக்கீல். மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார். திறந்து பார்க்கிற அளவுக்கு அவள் தேறவில்லை போலிருக்கிறது.

காதம்மா என்ற பேரும் அங்கே வைத்ததுதான். அவள் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதிக்கிறவள். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, “சத்தம் கேட்டா அழுத்துங்க, கேக்கலன்னா சும்மா இருங்க” என்று பதினெட்டு வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சும்மா இருப்பதுதான் மனுஷனால் முடியாத காரியம். அவள் சத்தமே அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். வாத்தியார்கள், பெரிய அதிகாரிகள், வீட்டில் தன் பேச்சுதான் கடைசிப் பேச்சு என்று இருக்கிறவர்கள், இவர்கள்தான் அதிகம் அழுத்துவார்கள். அழுத்துவதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அதிலேயே பிடித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஜாஸ் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? பழைய பேப்பர் கடையிலிருந்து. வீட்டுப் பேப்பரை எடைக்குப் போடப் போனவள், மூலையில் கிழிந்த பாடப் புத்தகங்களோடு கட்டிக் கிடந்த இசைத்தட்டுகளைப் பார்த்தாள். மேலாக இருந்ததன் அட்டையில் ஒரு ஆள் ஏணியின் உச்சிப் படியில் உட்கார்ந்து சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தான். ஊதுவதற்கு ஏணி எதற்கு என்று சிரித்து, அந்தச் சிரிப்புக்காகவே கட்டோடு வாங்கி வந்தாள். மாமனார் விட்டுப் போன ரெக்கார்டு பிளேயரில் போட்டால், ஒருத்தன் ஓடுகிறான், இன்னொருத்தன் துரத்துகிறான், பிடிக்கப் போகிற நேரத்தில் துரத்துகிறவனே வேறு பக்கம் திரும்பிவிடுகிறான். பியானோக்காரன் நடுவில் நின்று இரண்டு பேரையும் கேலி பண்ணுகிறான். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கூட அவள் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் விடவில்லை. ஏழு வருஷத்தில் அறுபத்தோரு தட்டு சேர்ந்தது. துணி அலமாரியின் கீழ்த்தட்டில் போர்வைகளை வெளியேற்றிவிட்டு அவற்றை நிற்க வைத்தாள். அவள் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். கிரீஸ் கையோடு வாசலில் நின்று கேட்பார்:

“ஏம்மா, இது பாட்டா, இல்ல பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சுதி பார்க்கிறதா?”

“பாட்டுதாங்க.”

“அப்ப எப்ப ஆரம்பிக்கும்?”

நல்ல மனுஷர்தான். ஆனால் அவரிடம் போய் “இந்த இடம்! இந்த இடத்தைக் கேளுங்க!” என்று சொல்ல முடியுமா? தங்கையிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். “அக்கா, நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா?” என்று கேட்டாள் தங்கை. ஒரு நல்ல இடம் வரும்போது திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு முகம் வேண்டும். ஏழு வருஷமாய் அவள் சுவரைத்தான் திரும்பிப் பார்த்தாள். மற்றபடி அவளுக்கு எந்தக் குறையும் இல்லை.

அப்புறம் கடைவாய்ப் பல் வலித்தது. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு, இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்துக்கொண்டு படுத்திருந்தபோது, டாக்டரின் அறையில் மெல்ல ஒரு டிரம்பெட் கேட்டது. அவளிடமும் இருந்த தட்டு. டிரம்பெட் நிறுத்திய இடத்தில், அடுத்து பியானோ வாசிக்கப் போவதை இவள் பஞ்சு வாயோடு ஒரு கணம் முன்னாலேயே முனகிவிட்டாள். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“நீங்க கேப்பீங்களா?”

“ஆங்,” என்றாள். அந்த நிலையில் அதற்கு மேல் யாரால் சொல்ல முடியும்?

தன்னோடு கேட்க இன்னும் இரண்டு பேர் வருவார்கள் என்று அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே மாடிக்கு அழைத்துவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலேயே இதைக் கேட்கிற மூன்று பேர்! மூன்று முகம்!

மாடியைச் சொல்கிறேன். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை இசைத்தட்டுகள், ஆயிரத்து நானூறு. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் எண். நடுவில் தோல் நாற்காலிகள் நாலு. ஒன்றில் டாக்டர், ஒன்றில் வக்கீல், ஒன்றில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியை. நாலாவது காலி. காலியாக இருக்கிறதே என்று உட்காரப் போனவளை டாக்டர் சிரித்துக்கொண்டே தடுத்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டினார்.

“அது சம்பாதிக்க வேண்டிய இடம் காதம்மா.”

வழக்கம் என்னவென்றால், ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மனசுக்குள் நூறு எண்ண வேண்டும். அப்புறம் ஆளுக்கு ஒரே ஒரு சொல். முதலில் டாக்டர் சொல்வார். அவர் ‘ஈரம்’ என்றால் வக்கீல் ‘பாசி’ என்பார், பேராசிரியை ‘கசிவு’ என்பார். அவர் ‘இரும்பு’ என்றால் வக்கீல் ‘துரு’. ஒரு நாள் டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஏதோ சொன்னார், ‘வா’ என்று கேட்டது. வக்கீல் உடனே ‘போ’ என்றார். பேராசிரியை கண் கலங்கினாள்.

காதம்மா எட்டு மாசம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. கால் தாளம் போட்டால் டாக்டர் அவள் காலைப் பார்ப்பார். போடுவதை நிறுத்தினாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தால் பேராசிரியை திரும்பிப் பார்ப்பாள். சிரிப்பதையும் நிறுத்தினாள். ‘சாம்பல்’, ‘படிகம்’ என்று நாலு சொல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போவது போல் முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போனாள். வேறு என்ன செய்வாள்? இவர்களையும் விட்டால் மறுபடியும் சுவர்தான்.

எட்டாவது மாசம் டாக்டர் சொன்னார்: “அடுத்த வாரம் உங்க தட்டு ஒண்ணு கொண்டு வாங்க. கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்.” கண்ணால் நாலாவது நாற்காலியைக் காட்டினார்.

அவள் ஏணிக்காரனைத்தான் எடுத்துப் போனாள். எத்தனை வாங்கினாலும் முதல் பிள்ளை முதல் பிள்ளைதானே.

டாக்டரின் பிளேயர் சாதாரணமானதில்லை. அதன் கை இறகு மாதிரி இருக்கும், ஊசி தட்டைத் தொடுவதே தெரியாது. இரண்டாவது பக்கத்தைப் போட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். மூன்றாவது உருப்படியில் சாக்ஸபோன் நாலு படி ஏறி ஒரு படி சறுக்கும், அங்கிருந்துதான் தாவும். நாலு படி ஏறிற்று. ஒரு படி சறுக்கிற்று. டப் என்று ஒரு சின்னச் சத்தம். மறுபடி நாலு படி ஏறிற்று. ஒரு படி சறுக்கிற்று. டப்.

மூன்றாவது சுற்றிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி ஏதோ ஒன்றில் முட்டி, போன கோட்டுக்கே திரும்பத் திரும்ப விழுகிறது. யாராவது எழுந்து ஊசியைத் தூக்குவார்கள் என்று பார்த்தாள். டப். டாக்டரின் புருவம் மேலே போயிற்று. வக்கீல் கண்ணைத் திறந்து டாக்டரின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பேராசிரியை திறந்து வக்கீலின் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். டப். பிறகு மூன்று தலைகளும் மெல்ல ஆடத் தொடங்கின.

காதம்மா பாதி எழுந்தாள். டாக்டர் கண்ணை மூடியபடியே கையை நீட்டி, உட்கார் என்று அமுக்கிக் காட்டினார்.

உட்கார்ந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. கேட்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும், அங்கே இருந்தவளுக்கு வரவில்லை. வேறு வேலையில்லாமல் எண்ணினாள். எண்பது சுற்று. எண்பதாவதில் தெருவில் ஒரு லாரி மாடியே அதிரப் போனது, ஊசி துள்ளி அந்தப் பக்கம் விழுந்தது, சாக்ஸபோன்காரன் ஒருவழியாகத் தாவினான்.

“ஆ!” என்றார் டாக்டர், முதுகிலிருந்து அழுக்கு மூட்டையை இறக்கியவர் மாதிரி.

பக்கம் முடிந்தது. நூறு எண்ணினார்கள்.

“விடாப்பிடி,” என்றார் டாக்டர்.

“நோன்பு,” என்றார் வக்கீல்.

“கருவறை,” என்றாள் பேராசிரியை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லை.

எல்லாரும் காதம்மாவைப் பார்த்தார்கள். யோசித்து வைத்திருந்த சாம்பலும் படிகமும் எங்கோ ஓடிவிட்டன. வாயில் உண்மைதான் மிச்சம் இருந்தது.

“மாட்டிக்கிச்சு,” என்றாள்.

தெரிந்துவிட்டது, தட்டையும் தன்னையும் சேர்த்துக் கீழே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“மாட்டிக்கிச்சு! வக்கீல் சார், கேட்டீங்களா? நாம எல்லாம் புத்தகச் சொல்லா அடுக்குறோம். இவங்க மனுஷன் மாட்டிக்கிறதை மனுஷன் பேசுற மாதிரியே சொல்லிட்டாங்க!”

“வாழ்க்கையே ஒரு விதத்துல மாட்டிக்கிச்சுதானே,” என்றார் வக்கீல்.

நாலாவது நாற்காலியை டாக்டரே இழுத்துப் போட்டார். அடுத்த சனிக்கிழமை முறைப்படி சேர்த்துக்கொள்வதாகவும், இதே தட்டை மறுபடி போட்டுக் கேட்பதாகவும், அதற்குள் இந்த இடத்தைப் பற்றித் தாம் ஒரு கட்டுரை எழுதப் போவதாகவும் சொன்னார். சாய்மானம் முதுகில் பட்டபோது காதம்மாவுக்குச் சுகமாக இருந்தது என்பதை மறைப்பானேன். நான் பொய் சொல்லவில்லையே, மாட்டிக்கிச்சு என்று சொன்னேனே என்று தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அதே பக்கத்தைப் போட்டாள். மாமனார் காலத்துப் பிளேயரின் கை உலக்கை மாதிரி, எந்தத் தடங்கலையும் நசுக்கிக்கொண்டு போய்விடும். சாக்ஸபோன் ஏறியது, சறுக்கியது, தாவியது. ஒரு டப் கூட இல்லை. விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால், அந்தக் கோட்டில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு காய்ந்த பசை. யாரோ அட்டையை ஒட்டும்போது சிந்தியது.

வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“எண்பது தடவையா? மோட்டார் ரெண்டு தடவை அப்படிச் சுத்தினா நான் சுவிட்சை அணைச்சிருப்பேன். நாலெழுத்துப் படிச்சவங்க காதுல ஒரு பசை பூ சுத்திடுச்சே!”

“சிரிக்காதீங்க. இப்ப நான் என்ன பண்றது?”

“துடைச்சுடு.”

“துடைச்சா அங்க மாட்டாதே. மாட்டலன்னா…”

“மாட்டலன்னா நீ மாட்டிக்குவ,” என்று சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே இன்னொரு முறை சிரித்தார்.

அவள் துடைக்கவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் தட்டு உறைக்குள் அப்படியே இருந்தது. ஒரு பொட்டுப் பசை இருக்கிறவரைக்கும் நாற்காலி இருக்கும், மூன்று முகம் இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

புதன்கிழமை ஒரு பெரியவர் பரிசோதனைக்கு வந்தார். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள், அழுத்தினார். மறுபடி நிறுத்தினாள், அவள் முகத்தைப் பார்த்து அழுத்தினார். கதவைத் திறந்து, வழக்கம்போல, “ஐயா, கேக்காதது ஒண்ணும் தப்பில்ல. கேக்காமலே கேட்டுச்சுங்கிறதுதான் தப்பு” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே முகம் சுட்டது. எண்பது சுற்று உட்கார்ந்திருந்தவளுக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை? இவராவது கேட்காமல் அழுத்தினார். தான் கேட்டுவிட்டு அழுத்தாமல் இருந்தவள்.

காது மெஷின் அச்சுகளைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனாள். பசை இரண்டு தேய்ப்பில் வந்துவிட்டது.

சனிக்கிழமை டாக்டர் முதலில் கட்டுரையை வாசித்தார். டைப் அடித்த ஆறு பக்கம். ‘கலைஞன் தாவ மறுக்கிறான்’ என்று ஆரம்பித்தது. தாவ முடியாதவன் வேறு, தாவ மறுப்பவன் வேறு என்று இரண்டு பக்கம் போயிற்று. வக்கீல் நாலு இடத்தில் “பிரமாதம்” என்றார். காதம்மா நாலாவது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். “டாக்டர், ஒரு நிமிஷம், அந்தத் தட்டு…” என்று இரண்டு தடவை ஆரம்பித்தாள். “கேட்ட பிறகு பேசுவோம்,” என்றார் அவர்.

தட்டைப் போட்டார்கள். கண்ணை மூடினார்கள். அந்த இடம் வந்தது. டாக்டர் மற்றவர்களைத் தயார்ப்படுத்த ஒரு விரலைத் தூக்கினார். சாக்ஸபோன் நாலு படி ஏறிற்று, ஒரு படி சறுக்கிற்று, தாவிற்று, போய்விட்டது.

தூக்கிய விரல் அப்படியே நின்றது.

“இது வேற தட்டு,” என்றார் டாக்டர்.

“அதே தட்டுதான் டாக்டர்.”

“இல்லம்மா. இது மலிவுப் பதிப்பு. அந்த இடத்தை வெட்டிட்டாங்க. போன வாரம் கொண்டு வந்தது முழுப் பதிப்பு.”

“எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. போன வாரம் ஊசி மாட்டிக்கிச்சு. பசை ஒட்டியிருந்தது. துடைச்சுட்டேன். அன்னிக்கே சொன்னேன், நீங்க அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்க. விளக்கமா சொல்லாதது என் தப்பு.”

மூன்று முகத்திலும் ஈ ஆடவில்லை. முதலில் சுதாரித்தவர் வக்கீல்.

“ஊசி மாட்டினா எல்லாச் சுத்தும் ஒரே மாதிரி இருக்கணுமே மேடம். இருக்கலையே. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறிச்சு. நான் கவனிச்சேன்.”

“அம்பதாவது தடவைக்கு மேல அவர் மூச்சே தளர்ந்துச்சு,” என்றாள் பேராசிரியை. “எனக்கு நெஞ்சை அடைச்சுது.”

“அது பசைங்க,” என்றாள் காதம்மா.

“பசைன்னே வச்சுக்குவோம்,” என்றார் வக்கீல், கோர்ட்டில் நிற்கிறவர் மாதிரி. “பசையை அந்த இடத்துல வச்சது யாரு? அது தற்செயல்னு உங்களால நிரூபிக்க முடியுமா?”

ஒரு பொட்டுப் பசைக்கு இதைவிடப் பெரிய வக்கீல் வாய்த்திருக்க மாட்டார். டாக்டர் ஆறு பக்கத்தையும் ஒழுங்காக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் மதித்திருப்பாள்.

“காதம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நாள் பூராவும் மெஷின் சத்தத்துல இருக்கிறவங்க. உங்க காது பழுதைத் தேடுற காது. கொஞ்ச நாள் இன்னும் ஸ்டூல்லயே உட்காருங்களேன்.”

அவள் எழுந்தாள். ஊசியைத் தூக்கி, தட்டை எடுத்து, உறையில் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. படியிறங்கும்போது பேராசிரியை மட்டும் பின்னாலேயே வந்தாள்.

“மேடம், மேடம். எனக்குப் பத்தாவது சுத்துலயே சந்தேகம்தான். அவங்க ரெண்டு பேரும் தலையாட்டினாங்களா… உள்ள சொல்லிடாதீங்க.”

“மூச்சு தளர்ந்துச்சுன்னீங்களே?”

“அது… ஒரு பேச்சுக்கு.”

“எங்க வீட்டுக்கு வாங்களேன். தலையாட்ட ஆள் இல்லாம கேக்கலாம்.”

பேராசிரியை மேலே திரும்பிப் பார்த்தாள். “சனிக்கிழமை முடியாதே,” என்று சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் ஏறிப் போனாள். வேறு கிழமைகளும் இருக்கின்றன என்பது அவள் படித்த வேதியியலில் வரவில்லை போலும்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அடுத்த சீட்டைக் கூப்பிட்டால், வந்து நின்றவர் பல் டாக்டர்.

“கொஞ்ச நாளா இடது காது சரியில்ல,” என்றார், அவளைப் பார்க்காமல்.

உட்கார வைத்தாள். ஹெட்போனை மாட்டினாள். பட்டனைக் கொடுத்தாள். எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னாள். மெல்லிய சத்தமாக அனுப்பினாள். அவர் அழுத்தவில்லை. இன்னும் கூட்டினாள், அழுத்தவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சத்தம் போகும்போதெல்லாம் அவர் இமை லேசாகத் துடிக்கிறது, விரல் மட்டும் பட்டன் மேல் கல்லாகக் கிடக்கிறது. பதினெட்டு வருஷத்தில் கேட்காமல் அழுத்துகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். கேட்டுவிட்டு அழுத்தாமல் தன் காதைத் தானே பழுதாக்கிக்கொள்ள இவ்வளவு வேர்த்துப் பாடுபடுகிற ஆளைப் பார்த்ததில்லை. அழுத்துவதை நம்பாமல் செய்கிற சோதனை ஒன்று உண்டு, காதுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தால் காதே பதில் சொல்லிவிடும். அதையும் செய்தாள். காது சொல்லிவிட்டது.

“காதுல ஒரு குறையும் இல்ல டாக்டர். இருபது வயசுக் காது.”

அவர் முகம் விழுந்துவிட்டது. நல்ல சேதி கேட்டு அப்படி நொந்துபோனவரை அவள் பார்த்ததே இல்லை.

“கொஞ்சம் கூடவா? இடது பக்கம் லேசா… அன்னிக்கு அந்த டப் சத்தம் எனக்கு விழலையே.”

“விழுந்திருக்கும்.”

“இல்ல, நான் என்ன சொல்றேன்னா,” என்று குரலைத் தாழ்த்தினார், “லேசான குறைன்னு ஒரு வரி எழுதினீங்கன்னா, அவங்ககிட்டயும் காட்டலாம். எல்லாருக்கும் கௌரவமா முடிஞ்சுடும். நீங்களும் வந்து உங்க நாற்காலில உட்காரலாம். அது இன்னும் காலியாத்தான் இருக்கு.”

ஏழு வருஷச் சுவர் அவளுக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா? ஒரு வரி. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவளே நிரப்புகிற ஒரே ஒரு கட்டம். அதில் ‘இரு செவியும் இயல்பு’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நூறு வரை எண்ணுகிறாரோ என்று கூட அவளுக்குத் தோன்றியது.

“வேற எங்கயாவது போய்ப் பார்க்கலாமா?” என்றார் கடைசியில்.

“தாராளமாப் பாருங்க டாக்டர்,” என்று சொல்லிவிட்டு, காதம்மா அடுத்த சீட்டைக் கூப்பிட்டாள்.